டூப்ளேயும் அவர் வாழ்ந்த மாளிகையும்

புதுவைக் கடற்கரைக்கு மாலையில் உலவப் போகிறவர்கள் பாரதி பூங்காவைக் கடந்துதான் பெரும்பாலும் செல்கிறோம். அந்த வட்டாரத்தில்தான் ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரரின் லூயி கோட்டை நின்றது. அதனுள்ளே கவர்னர் மாளிகையும் இருந்தது. இன்று அதன் ஒரு சுவரையும் காண முடியாது. அம் மாளிகையின் கதை, அதில் கோலோச்சிய டூப்ளே துரையின் கதையோடு பிணைந்தது.

ஜோசப் பிரான்சுவா டூப்ளே 1697-ஆம் ஆண்டு பிரான்சின் வடபகுதியில் லாந்த்ரெசி என்னும் ஊரில் பிறந்தார். 1722-இல் கம்பெனி உத்தியோகஸ்தராகப் புதுவைக்கு வந்தார். பின் பல்லாண்டுகள் வங்காளத்துச் சந்திரநாகூரை நிர்வகித்து, வியாபாரத்தில் பெரும் பொருள் ஈட்டினார். 1741-இல் அங்கே ழான் என்ற விதவையை மணந்தார். இந்த அம்மையார் புதுவையிலேயே பிறந்தவர். தந்தை பிரெஞ்சு வைத்தியர், தாயார் வழியில் இந்தியப் போர்த்துகீசிய இரத்தம். தமிழ் பேசத் தெரிந்தவர். மறு ஆண்டு கணவர் கவர்னராகப் புதுவைக்கு வந்தபோது, அவருக்கு வலக்கையாக இருந்தவர் இவரே.

கவர்னருக்கு அன்று தலைமைத் துபாஷாக இருந்தவர் நம் கத்தோலிக்கரான கனகராய முதலியார். 1745-இல் ஒழுகரையில் புனித அந்திரேயா ஆலயத்தை எழுப்பியவர் இவர். 1746-இல் இவர் மறைந்தபின் அந்த இடம் ஆனந்தரங்கப் பிள்ளைக்குக் கிடைத்தது. மாளிகையில் நடந்த பேச்சுகளையெல்லாம் பிள்ளை வீட்டுக்குப் போய் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். அவர் மட்டும் எழுதாதிருந்தால், கல்லோடு கதையும் போயிருக்கும்.

1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தனர். 1748-இல் ஆங்கிலேயர் புதுவையை முற்றுகையிட்டு, முடியாமல் திரும்பினர். அந்த முற்றுகை நாட்களில் ஒரு வருந்தத்தக்க காரியமும் நடந்தது. இயேசு சபைக் குருக்களின் கோவிலை அடுத்திருந்த வேதபுரீசுவரர் கோவில் இடிக்கப்பட்டது. குருக்களும் டூப்ளே அம்மையாரும் அதை நெடுநாளாக வேண்டி நின்றவர்கள். ஊர் இந்துக்களின் மனம் எவ்வளவு புண்பட்டதென்பது பிள்ளையின் நாட்குறிப்பில் தெரிகிறது. நம்மவர் சம்பந்தப்பட்டது என்பதற்காக இதை மறைக்க வேண்டியதில்லை.

பின்னர் டூப்ளேயின் கை ஓங்கியது. 1750-இல் செஞ்சிக்கோட்டை வீழ்ந்தது. தக்காணத்துச் சுபேதாராக முசாபர் சங்கு புதுவையிலேயே பட்டம் சூட்டப்பட்டார். டூப்ளேயும் நவாபின் விருதுகளைப் பெற்றார். ஆடம்பரம் இல்லாமல் இந்நாட்டு மன்னரிடையே மதிப்பில்லை என்பது அவர் கணக்கு. 1738-இல் கவர்னர் துய்மா காலத்தில் தொடங்கிய புது மாளிகை வேலையும் அந்தக் கணக்கிலேயே வளர்ந்து, 1752-இல் முடிந்தது. விதியைப் பாருங்கள்: அதே ஆண்டில்தான் திருவரங்கத்தில் பிரெஞ்சுப் படை சரணடைந்தது, அவர் நம்பியிருந்த சந்தா சாகிபும் கொல்லப்பட்டார்.

யுத்தச் செலவால் சலித்த கம்பெனி, 1754-இல் கொதே என்பவரை அனுப்பி டூப்ளேயைத் திரும்ப அழைத்துக்கொண்டது. புது மாளிகை அவருக்கு இரண்டே ஆண்டுகள்தாம். கம்பெனிக்காகத் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டதாக வழக்காடினார், பணம் வரவில்லை. அம்மையார் 1756-இல் பாரிசில் காலமானார். டூப்ளே 1763 நவம்பரில் கடன்காரர் தொல்லைக்கிடையே கண்மூடினார்.

மாளிகை அவருக்கு முன்பே போய்விட்டது. 1758-இல் தளபதி லாலி கடலூரை அடுத்த ஆங்கிலேயரின் தேவனாம்பட்டினம் கோட்டையைத் தகர்த்திருந்தார். 1761 ஜனவரியில், பசியால் வாடிய புதுவை பணிந்தபோது, ஆங்கிலேயர் பழி தீர்த்தனர். மதில்களும் மாளிகையும் வெள்ளையர் வீடுகளும் தரைமட்டமாயின. வேதபுரீசுவரரை அப்புறப்படுத்திய இயேசு சபைக் கோவிலும் மிஞ்சவில்லை. கட்டி முடிந்து ஒன்பதாண்டுகூட நிறையாத மாளிகை அது! நகர் வீழ்வதற்குச் சில நாட்களுக்கு முன் பிள்ளையும் இறந்ததால், இந்த இடிப்பை எழுத அவர் கை இல்லை. அவர் வாழ்ந்த வீடோ இன்றும் நிற்கிறது.

1765-இல் ஊர் பிரெஞ்சுக்காரரிடம் திரும்பியது. பழைய தெருக்களின் தடத்திலேயே வீடுகள் எழுந்தன. நம் சம்பாக் கோவில் 1791-இல் முடிந்தது. டூப்ளேக்கு 1870-இல் சிலை வைத்தார்கள். அது இப்போது கடற்கரையின் தென்கோடியில் உள்ளது. செஞ்சியிலிருந்து வந்த கல்தூண்கள் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கின்றன.