வானில் தோன்றிய மர்ம ஒளிகள்: தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணிந்த வானியலாளர் ஆலன் ஹைனெக்

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பாலைநிலத்தில் 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் மாத மாலை ஒன்றில் காவலர் ஒருவர் கண்ட தீப்பிழம்புக்கு அந்நாட்டு விமானப்படை கடைசிவரை விளக்கம் காணவில்லை. அந்த இடத்துக்கு நேரில் சென்று ஆராய்ந்தவர், விமானப்படையின் அறிவியல் ஆலோசகராக இருந்த வானியலாளர் ஜே. ஆலன் ஹைனெக். இத்தகைய தகவல்களுக்கு இயற்கையான காரணத்தைக் கண்டறிந்து கோப்பை முடித்து வைப்பதற்காகவே அவர் அமர்த்தப்பட்டிருந்தார். ஆனால், விளங்காத ஒன்றை விளங்கவில்லை என்று ஒப்புக்கொள்வதும் அறிவியலின் கடமையே என்ற முடிவுக்கு அவர் படிப்படியாக வந்து சேர்ந்தார். அம்முடிவுக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று.

சிகாகோவில் தொடக்கம்

செக் வம்சாவளியைச் சேர்ந்த பெற்றோருக்கு 1910-ஆம் ஆண்டு மே 1-ஆம் தேதி சிகாகோ நகரில் ஹைனெக் பிறந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் பயின்று, யெர்க்ஸ் வானாய்வகத்தில் ஆய்வு மேற்கொண்டு, 1935-இல் வானியற்பியலில் முனைவர் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியில் சேர்ந்தார்.

இரண்டாம் உலகப் போரின்போது ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டு இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றினார். இலக்கை நெருங்கியதும் குண்டைத் தானாக வெடிக்கச் செய்யும் ரேடியோ கருவியை உருவாக்கும் பணி அங்கு நடைபெற்றது. இராணுவத்துடன் அவருக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு அதுவே.

விமானப்படையின் அழைப்பு

வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் மலை அருகே ஒன்பது விசித்திரப் பொருள்கள் விரைந்து பறந்ததாக கென்னத் ஆர்னால்ட் என்ற விமானி 1947 ஜூன் 24-ஆம் தேதி தெரிவித்தார். 'பறக்கும் தட்டு' என்ற சொல் அதன்பிறகே நாளிதழ்களில் பரவியது. நாடெங்கிலுமிருந்து இதுபோன்ற தகவல்கள் குவிந்ததால், 1948-இல் 'சைன்' என்ற விசாரணைத் திட்டத்தை விமானப்படை தொடங்கியது. சோவியத் ஒன்றியத்தின் புதிய ஆயுதமாக இருக்கக்கூடுமோ என்ற ஐயமே அதிகாரிகளை வாட்டியது.

விசாரணை நடைபெற்ற டேட்டன் நகரும் ஹைனெக் பணியாற்றிய பல்கலைக்கழகமும் ஒரே மாநிலத்தில் இருந்தன. மக்கள் கண்டவற்றில் விண்மீன்கள், கோள்கள், எரிகற்கள் எவை என்று பிரித்துச் சொல்ல ஒரு வானியலாளர் தேவைப்பட்டார். அந்தப் பொறுப்பை ஏற்ற ஹைனெக், இவையெல்லாம் போருக்குப் பிந்தைய பரபரப்பின் விளைவு என்றும் விரைவில் அடங்கிவிடும் என்றும் கருதினார். தகவல்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக்கு வானியல் காரணங்களையும் கண்டறிந்தார்.

பாலைவனத்தில் பச்சை நெருப்புக்கோளங்கள்

அதே காலகட்டத்தில் நியூ மெக்சிகோ வானம் அதிகாரிகளுக்குப் புதிய கவலையைத் தந்தது. 1948 டிசம்பர் முதல், பச்சை நிற நெருப்புக்கோளங்கள் இரவு வானைக் கடந்து செல்வதாக விமானிகளும் பாதுகாப்புப் பணியாளர்களும் தெரிவித்தனர். அணு ஆயுத ஆய்வு நடைபெற்ற லாஸ் அலமாஸ் அதே மாநிலத்தில் அமைந்திருந்ததால், அரசு இதனைப் புறக்கணிக்க இயலவில்லை.

எரிகல் ஆய்வாளர் லிங்கன் லாபாஸ் இதனை விசாரித்தார். ஒளிகள் ஓசையின்றிக் கிடைமட்டமாகச் சென்றதும், தேடிய இடங்களில் எரிகல் துண்டு ஏதும் கிடைக்காததும் அவருக்கு வியப்பளித்தன. ஒளிகளைப் படம்பிடிக்க விமானப்படை 'ட்விங்கிள்' என்ற திட்டத்தை வகுத்தது. அது உறுதியான சான்று எதையும் ஈட்டாமலேயே 1951 இறுதியில் முடிவுக்கு வந்தது.

அதே மாநிலத்தின் லாஸ் குரூசஸ் நகரில், புளூட்டோவைக் கண்டறிந்த கிளைட் டாம்பாவும் 1949 ஆகஸ்ட் மாதத்தில் விளங்காத ஒளிகளைக் கண்டதாகப் பதிவு செய்துள்ளார். பின்னர் சக வானியலாளர்கள் 40-க்கும் மேற்பட்டோரிடம் ஹைனெக் தனித்தனியே பேசியபோது, தங்களுக்கும் இத்தகைய அனுபவம் உண்டு என்று சிலர் தெரிவித்தனர். கேலிக்கு அஞ்சியே அறிஞர்கள் வாய் திறப்பதில்லை என்பது அவருக்குப் புலப்பட்டது.

அரசின் அக்கறையோ வேறு திசையில் சென்றது. 1953 ஜனவரியில் மத்திய உளவு அமைப்பு கூட்டிய ராபர்ட்சன் குழு, இவ்வொளிகளால் நேரடி அச்சுறுத்தல் இல்லை எனவும், இவை குறித்த பொதுமக்களின் ஆர்வத்தைத் தணிக்க வேண்டும் எனவும் பரிந்துரைத்தது. அக்கூட்டத்தில் இணை உறுப்பினராகப் பங்கேற்ற ஹைனெக், அன்று எதிர்ப்பு எதுவும் தெரிவிக்கவில்லை.

செயற்கைக்கோள்களைத் தேடிய கண்கள்

1956-இல் ஸ்மித்சோனியன் வானியற்பியல் ஆய்வகத்தில் இணைந்த அவர், செயற்கைக்கோள்களைக் கண்காணிக்கும் பணிக்குத் தலைமை ஏற்றார். 'பேக்கர்-நன்' எனப்படும் சிறப்பு கேமராக்கள் உலகெங்கும் 12 இடங்களில் நிறுவப்பட்டன. நியூ மெக்சிகோவைப் போலவே இந்தியாவின் நைனிடாலும் அவற்றுள் ஒன்று. 1957 அக்டோபரில் ஸ்புட்னிக் ஏவப்பட்டபோது, அதன் பாதையைச் செய்தியாளர்களுக்கு விளக்கியவர்களுள் ஹைனெக்கும் ஒருவர். 1960-இல் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தின் வானியல் துறைத் தலைவரானார்.

திருப்பம் தந்த சொகோரோ

நியூ மெக்சிகோவின் சொகோரோ நகரில் 1964 ஏப்ரல் 24-ஆம் தேதி மாலை, வேகமாகச் சென்ற காரைத் துரத்திய காவலர் லானி சமோரா, பேரிரைச்சலையும் வானில் தீப்பிழம்பையும் உணர்ந்து திசை மாறினார். பள்ளம் ஒன்றில் முட்டை வடிவ வெண்ணிறப் பொருளையும், அதனருகே வெள்ளை உடையில் இரு உருவங்களையும் கண்டதாக அவர் தெரிவித்தார். அப்பொருள் நெருப்பைக் கக்கியவாறு எழுந்து மறைந்ததாகவும் கூறினார். சற்று நேரத்தில் வந்து சேர்ந்த மற்றொரு காவலர், கருகிய புதர்களையும் தரையில் பதிந்த நான்கு தடங்களையும் பார்த்தார்.

சில நாள்களில் அங்கு சென்ற ஹைனெக்கினால், சமோராவைப் பொய்யர் என்று ஒதுக்க இயலவில்லை. விமானப்படையும் அந்நிகழ்வை 'அடையாளம் காணப்படாதது' என்றே பதிவு செய்தது. மாணவர்களின் குறும்பு என்றும், சோதனை ஊர்தி என்றும் பின்னர் கூறப்பட்ட விளக்கங்கள் எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை.

இரண்டே ஆண்டுகளில் அவர் கடும் சோதனையைச் சந்தித்தார். 1966 மார்ச்சில் மிச்சிகன் மாநிலத்தில் பலர் கண்ட ஒளிகள் குறித்து டெட்ராய்ட்டில் செய்தியாளர்களைச் சந்தித்த அவர், அவற்றுள் சில சதுப்பு நில வாயுவால் தோன்றியிருக்கலாம் என்றார். நம் கிராமங்களில் கொள்ளிவாய்ப் பிசாசு என்று அஞ்சப்பட்ட ஒளிக்குச் சொல்லப்படும் அதே காரணம்தான் அது. இரு நிகழ்வுகளுக்கு மட்டும் சொல்லப்பட்ட விளக்கம், எல்லா நிகழ்வுகளுக்கும் உரியதாகச் செய்தியானது. அரசின் ஊதுகுழல் என்று அவர் நாடெங்கும் எள்ளி நகையாடப்பட்டார். அப்போது மிச்சிகன் மாநில நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த, பிற்காலத்தில் அதிபரான ஜெரால்ட் ஃபோர்டு விசாரணை கோரினார். ஏப்ரல் 5-ஆம் தேதி நாடாளுமன்றக் குழு முன் ஆஜரான ஹைனெக், இராணுவம் சாராத அறிஞர்கள் இப்பிரச்சினையை ஆராய வேண்டும் என்று வலியுறுத்தினார்.

மூடப்பட்ட கோப்பும் தனிப் பாதையும்

அதன்பின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் அமைக்கப்பட்ட காண்டன் குழு, இத்தகைய ஆய்வுகளால் அறிவியலுக்குப் பயன் ஏதும் விளையவில்லை என்று 1969-இல் முடிவு கூறியது. அவ்வாண்டு டிசம்பரில் 'புளூ புக்' திட்டம் மூடப்பட்டது. 1947 முதல் திரட்டப்பட்ட 12,618 தகவல்களில் 701 மட்டும் விடையின்றி எஞ்சின. விடை கிடைத்தவையே மிகப் பெரும்பான்மை என்றது அரசு. எஞ்சியவற்றைத்தான் ஆராய வேண்டும் என்றார் ஹைனெக்.

1972-இல் வெளியான அவரது நூல், இரவு ஒளிகள் முதல் மிக அருகில் நிகழும் சந்திப்புகள் வரை இந்நிகழ்வுகளை வகைப்படுத்தியது. அடுத்த ஆண்டில் தனி ஆய்வு மையத்தையும் நிறுவினார். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 1977-ஆம் ஆண்டுத் திரைப்படத் தலைப்பு அவரது வகைப்பாட்டிலிருந்தே பிறந்தது. படத்தின் ஆலோசகரான அவர் ஒரு காட்சியிலும் தோன்றினார். 1978-இல் ஐக்கிய நாடுகள் சபையிலும் இப்பொருள் குறித்துப் பேசினார்.

சான்று போதாத துறையில் காலத்தை வீணாக்குவதாகச் சக அறிஞர்கள் குறை கூறினர். வேற்றுக்கிரக வாசிகளின் வருகையை அவர் உறுதிப்படுத்துவார் என எதிர்பார்த்தவர்களும் ஏமாற்றமே அடைந்தனர். விண்மீன்களுக்கு இடையிலான தொலைவைக் கருதி, அவ்விளக்கத்தையும் அவர் எளிதில் ஏற்கவில்லை.

இறுதிக் காலத்தில் அரிசோனா பாலைநிலத்தின் ஸ்காட்ஸ்டேல் நகரில் வசித்த ஹைனெக், 1986 ஏப்ரல் 27-ஆம் தேதி மூளைக் கட்டியால் காலமானார். அவருக்கு வயது 75. அவர் பிறந்த ஆண்டில் வந்த ஹாலி வால்மீன், அவர் மறைந்த ஆண்டில் மீண்டும் வந்திருந்தது.

அவர் எழுப்பிய கேள்வி இன்னும் ஓயவில்லை. அமெரிக்க உளவுத் துறை 2021-இல் வெளியிட்ட அறிக்கையில், ஆராயப்பட்ட 144 நிகழ்வுகளில் ஒன்றுக்கு மட்டுமே உறுதியான விளக்கம் தரப்பட்டது. காற்று இறங்கிய பலூன் என்பதே அவ்விளக்கம். நாசா அமைத்த அறிஞர் குழு 2023-இல் அளித்த அறிக்கை, இவை வேற்றுக்கிரகத்திலிருந்து வந்தவை என்பதற்குச் சான்று இல்லை என்றது. தரமான தரவுகளைத் திரட்ட வேண்டும் எனவும், கண்டதைச் சொல்பவர்களைக் கேலி செய்யும் போக்கு ஒழிய வேண்டும் எனவும் அக்குழு பரிந்துரைத்தது. ஹைனெக் தம் வாழ்வின் பிற்பாதி முழுவதும் வேண்டி நின்றவை அவ்விரண்டுமே.