தமிழில் நீதி வேண்டிய வேதநாயகர்

ஆரணி நகரம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. அங்கு வாழும் நெசவாளர் ஒருவர், வணிகரிடம் கடனாகப் பட்டு நூல் வாங்கிச் சேலை நெய்து கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். கணக்கில் வேறுபாடு நேர்கின்றது. வழக்கு நீதிமன்றம் ஏறுகின்றது. வழக்கறிஞர்கள் ஆங்கிலத்தில் வாதிடுகின்றனர்; தீர்ப்பும் ஆங்கிலத்தில் உரைக்கப்படுகின்றது. தம் தறி தமக்கு நிற்குமா, ஏலத்திற்குப் போகுமா என்பதை அறிய, அந்நெசவாளர் பிறர் முகத்தைப் பார்த்து நிற்கின்றார். ஆங்கிலேயர் ஆட்சியில் இத்துன்பம் ஆரணிக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. தமிழகம் எங்கும் எளியோர் இதனை நுகர்ந்தனர். அதனை நீதிமன்றத்தின் உள்ளிருந்தே கண்டு, களைய முற்பட்ட பெரியார் ஒருவர் காவிரி நாட்டில் வாழ்ந்தார். அவரே மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை.

வேதநாயகர் 1826ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 11ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தார். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை; தாயார் ஆரோக்கிய மரியம்மாள். இளமையிலேயே அவர் தமிழையும் ஆங்கிலத்தையும் நன்கு கற்றார். ஆங்கிலம் கற்றோர் பலர் தாய்மொழியை மறந்த காலத்தில், அவர் இரண்டையும் இரு கண்களெனப் போற்றினார்.

கல்வி முற்றியபின் அவர் திருச்சி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராக அமர்ந்தார். பின்னர் மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தார். மொழிபெயர்ப்பாளரின் பணி எளிதன்று. சாட்சி சொல்லும் உழவனுடைய சொல் ஒன்று பிறழ்ந்தால், அவனுடைய நிலமே கைமாறிப் போகலாம். மக்களுக்கும் சட்டத்திற்கும் இடையே மொழி ஒரு மதிலாக நிற்பதை வேதநாயகர் நாள்தோறும் கண்டார்.

1856ஆம் ஆண்டில் அவர் முன்சீப் பதவிக்குரிய தேர்வில் வெற்றி பெற்றார். அடுத்த ஆண்டு தரங்கம்பாடியில் முன்சீப்பாக அமர்ந்தார். பின்னர்ச் சீர்காழியிலும் மாயூரத்திலும் அப்பதவியை வகித்தார். உயர் பதவியிலுள்ள நீதிபதிகளை ஏழை மக்கள் காண்பது அரிது. வரப்புத் தகராறும் கடன் வழக்கும் முதலில் வந்து சேரும் இடம் முன்சீப்பின் மன்றமே. ஆகவே, நாட்டு நீதியின் நன்மை தீமைகளை மக்கள் அவரைக் கொண்டே அளந்தனர். அப்பதவியில் இருந்தபோதே அவர் நீதிநூல் என்னும் செய்யுள் நூலை இயற்றினார். கைக்கூலி வாங்கும் இழிசெயலை அந்நூலில் அவர் வன்மையாகக் கண்டித்தார்.

எனினும், நீதிபதி நேர்மையாளராக இருந்தால் மட்டும் போதாது என்பதை அவர் உணர்ந்திருந்தார். சதர் நீதிமன்றத்தின் தீர்ப்புகள் கீழ் மன்றங்களுக்கு வழிகாட்டியாக விளங்கின. அவையோ ஆங்கிலத்தில் இருந்தன. ஆங்கிலம் அறியாதவர் பிறர் கூறியதை நம்புவதன்றி வேறு வழி இல்லை. வேதநாயகர் 1805 முதல் 1861 வரை வெளிவந்த அத்தீர்ப்புகளைத் தமிழில் தந்து, சித்தாந்த சங்கிரகம் என்னும் பெயரால் 1862இல் வெளியிட்டார். சென்னை உயர் நீதிமன்றம் தோன்றியதும் அதே ஆண்டில்தான். தமிழில் சட்டம் சொல்ல இயலாது என்பாருக்கு, அவர் வாதத்தால் அன்றிச் செயலால் விடை அளித்தார்.

1872ஆம் ஆண்டில் பதவியினின்று நீங்கியபின் அவர் எழுத்துப் பணியில் மேலும் ஈடுபட்டார். தமிழின் முதல் நாவலாகிய பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் அச்சேறியது. நகைச்சுவை நிறைந்த அக்கதையிலும் அவர் பழைய கவலையை மறந்தாரல்லர். நீதிபதியும் தமிழர், வழக்காடுவோரும் தமிழர், வழக்கறிஞரும் தமிழர் ஆகிய மன்றத்தில், ஆங்கிலத்தில் வாதிடுவது யாருக்காக என்று அதில் எள்ளி நகையாடினார். பெண்கள் கல்வி பெற வேண்டும் என்றும் ஓயாது எழுதினார்.

1876 முதல் 1878 வரை கொடிய பஞ்சம் தமிழகத்தை வாட்டியது. வேதநாயகர் தம் பொருளைக் கொண்டு பசித்தோருக்குக் கஞ்சி வார்த்தார். அவ்வருட்செயலைக் கண்ட கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் புகழ்ந்து கீர்த்தனை பாடினார். வேதநாயகர் கிறித்தவர்; பாரதியார் சிவபத்தர். நட்புக்கும் அறத்துக்கும் சமயம் தடையாக நிற்கவில்லை.

1889ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 21ஆம் நாள் வேதநாயகர் மறைந்தார். அவர் விரும்பியது உடனே கைகூடவில்லை. கீழ் நீதிமன்றங்களில் தீர்ப்புகளும் தமிழில் எழுதப்பெறச் சட்டம் வழி செய்தது 1976ஆம் ஆண்டில்தான். உயர் நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலமே.

ஆரணி நெசவாளரை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். வழக்கில் அவர் வெல்லலாம், தோற்கவும் செய்யலாம். தோற்றாலும், ஏன் தோற்றோம் என்பதைத் தம் மொழியில் அறிந்து வீடு திரும்புவது அவருடைய உரிமை. அவ்வுரிமைக்காக நீதி பீடத்தில் அமர்ந்துகொண்டே ஏழைகளின் பக்கம் நின்று உழைத்தவர் வேதநாயகர். கற்ற கல்வியைக் கல்லாதவருக்குப் பயன்படச் செய்த அப்பெரியாரின் வாழ்க்கை, நாம் அனைவரும் பின்பற்றத் தக்கதாகும்.