குழலுக்குச் சுருதி தந்த பொற்கொல்லர்

குழல் பயில்வோரைப் பெரிதும் வருத்தும் குறைகள் இரண்டு. ஒன்று நாதம் மெலிதல். மற்றொன்று சுருதி பிறழ்தல். மேனாட்டுக் குழலில் இவ்விரண்டையும் நீக்குதற்குத் தம் வாழ்நாளிற் பெரும்பகுதியைச் செலவிட்ட தியோபால்ட் பேம் என்னும் பெரியாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

ஜேர்மனி நாட்டு மியூனிக் நகரில், 1794 ஆம் ஆண்டு ஏப்பிரல் 9 ஆந் திகதி, பொற்கொல்லர் ஒருவரின் மைந்தராய்ப் பேம் பிறந்தார். தந்தையாரின் தொழிலையே தாமும் கற்றார். குழலின்மேற் கொண்ட பெருவிருப்பால், இளமையிலேயே நல்ல குழலொன்றைப் பார்த்து அதுபோன்றதொன்றைத் தம் கையாற் செய்துகொண்டார். பின்னர் முறையாகப் பயின்று 1818 இல் அரசவை வாத்தியக் குழுவில் இடம்பெற்றார். 1828 இல் சொந்தமாகக் குழற்பட்டறை நிறுவினார்.

அக்காலக் குழல்களில் துளைகள் விரல் எட்டும் இடங்களிலேயே இடப்பட்டன. சுருதிக்குரிய இடங்களில் அல்ல. ஆதலாற் சில சுரங்கள் உரத்தும் சில மங்கியும் ஒலித்தன. வாசிப்போரே மூச்சாலும் உதட்டாலும் அவற்றைத் திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. 1831 இல் இலண்டன் மாநகரிற் சார்ள்ஸ் நிக்கல்சன் என்பாரின் வாசிப்பைப் பேம் கேட்டார். பெருந்துளைகள் கொண்ட அக்குழலின் நாதத்திற்குத் தமது நாதம் ஈடாகாதென உணர்ந்தார். உணர்ந்தவர் சோர்ந்தாரல்லர். மறு ஆண்டிலேயே, துளைகளைப் பெரியனவாக்கி உரிய இடங்களில் இட்டு, விரல் எட்டாதவற்றை வளையங்களும் நெம்புகோல்களும் கொண்டு மூடும் புதுக்குழலை ஆக்கினார். அதன்பொருட்டு, கைவந்த பழைய விரல் முறையைக் கைவிட்டு, புகழ்பெற்ற வித்துவானாகிய அவரே புதிய மாணாக்கர்போல மீண்டும் பயில வேண்டியதாயிற்று.

அவ்வளவில் அவர் அமைதி கொள்ளவில்லை. ஐம்பது வயதைக் கடந்தபின், பேராசிரியர் ஷாஃப்ஹொய்ட்ல் என்பாரிடம் ஒலியியல் கற்றார். குழாய்கள் பலவற்றைச் செய்து செய்து சோதித்தார். உள்விட்டம் 20 மில்லிமீற்றராயிற் கீழ்ச்சுரங்கள் சிறக்கும். மேற்சுரங்களோ எளிதில் எழா. ஆகவே 19 மில்லிமீற்றரே தக்கதெனத் துணிந்தார். இங்ஙனம் 1847 இல் உருவாயிற்று, உடல் நேர்குழாயாகவும் தலைப்பகுதி சற்றே ஒடுங்கியும் அமைந்த உலோகக் குழல். 1851 இல் இலண்டன் பெருங் கண்காட்சியில் அது பரிசு பெற்றது. இன்று மேனாட்டு வாத்தியக் குழுக்களில் ஒலிக்கும் குழல்கள் பெரும்பாலும் அவ்வமைப்பின் வழிவந்தனவே.

கருவி திருந்தினாற் போதும் என்று அவர் கருதினாருமல்லர். 1871 இல் வெளியிட்ட தமது நூலில், பயில்வோர்க்கு வழியும் வகுத்தார். எளிதாகவும் இனிதாகவும் ஒலிக்கும் ஒரு சுரத்தை முதலில் நிலைநிறுத்துதல் வேண்டும். பின்னர் உதட்டின் அமைதி குலையாமல் அதனை அடுத்த சுரத்திற் கொண்டுசேர்த்தல் வேண்டும். இவ்வாறு படிப்படியாகச் சென்றால் எல்லாச் சுரங்களும் ஒரே தன்மையவாகும் என்பது அவர் கண்ட முறை.

1881 ஆம் ஆண்டு நவெம்பர் 25 ஆந் திகதி, தம் 87 ஆவது வயதில், பிறந்த நகரிலேயே பேம் காலமானார்.

தேர்ந்த கையுடையார்க்குப் பழகிய வழியே இனிது. அது பிழையெனச் செவி உணர்த்தியபோது, செவிக்குப் பணிந்து கையைத் திருத்தினார் இப்பெரியார். குழல் பயிலும் நம் மாணாக்கர்க்கு மட்டுமன்றி, எக்கலை பயில்வோர்க்கும் இவர் வாழ்வு நல்லாசானாகும் என்பது நம் துணிபு.