காந்தியடிகளின் கைக்கணக்கு

சபர் வந்தவனுக்குப் பகலெல்லாம் வேலை, சோதனை இரவில்தான். கடை அடைத்த பிறகு எங்கே தங்குகிறான், பொழுதை எப்படிப் போக்குகிறான் என்பதைப் பொறுத்தே அவன் ஊருக்கு அனுப்பும் பணம் கூடும், குறையும். மகாத்மா காந்தி வாலிபராய் லண்டனில் இருந்த மூன்று வருஷத்தை இந்த நோக்கோடு பார்த்தால் நம்போன்ற வியாபாரிகளுக்கு நல்ல பாடம் கிடைக்கும்.

1869-ல் போர்பந்தரில் பிறந்த அவர், சட்டம் படிக்க 1888 செப்டம்பரில் பம்பாயிலே கப்பல் ஏறினார். மனைவியும் கைக்குழந்தையும் ஊரில். தகப்பனார் காலமாகிவிட்டபடியால் செலவெல்லாம் தமையனார் தலையில் விழுந்தது.

போன புதிதில் அவருக்கும் ஆங்கிலக் கனவானாக வேண்டுமென்ற ஆசை பிடித்தது. பாண்ட் தெருவில் 10 பவுன் கொடுத்து விருந்து உடுப்புத் தைத்துக்கொண்டார். தமையனாருக்கு எழுதித் தங்கத்தில் இரட்டைக் கடிகாரச் சங்கிலி வரவழைத்தார். நடனம் கற்க 3 பவுன் கட்டினார். பியானோவின் தாளத்துக்குக் கால் ஒத்துவரவில்லை. காதைப் பழக்கலாமென்று இன்னொரு 3 பவுனுக்குப் பிடில் வாங்கினார். நாகரிகமாகப் பேசக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியருக்கு முதலில் ஒரு கினி கொடுத்தார். இப்படிச் சுமார் மூன்று மாதம் போயிற்று. பிறகு, தாம் வந்தது படிக்க என்று நினைவு வந்து, எல்லாவற்றையும் விட்டார். பிடிலை வந்த விலைக்கு விற்றுத் தரும்படி ஆசிரியையிடமே சொல்லிவிட்டார்.

ஆனால் அந்த மூன்று மாதத்திலும் ஒரு பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. பஸ் கூலி, தபால் தலை, பத்திரிகைக்குக் கொடுத்த செப்புக் காசு முதல் எல்லாவற்றையும் எழுதி, இரவு படுக்குமுன் இருப்புக் கட்டுவார். கணக்கைப் பார்த்தபோதுதான் செலவைப் பாதியாகக் குறைக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றிற்று.

ஒரு குடும்பத்தோடு வாரப் பணம் கட்டித் தங்கியிருந்தவர், தனியாக அறை பிடித்தார். போகவேண்டிய இடங்களுக்கு அரைமணி நடையில் இருக்கும்படி பார்த்துக்கொண்டார். வண்டிக்கூலி மிஞ்சியது, தினம் எட்டுப் பத்து மைல் நடந்ததில் உடம்பும் தேறியது. அவருக்கு அதுவே பொழுதுபோக்காகவும் ஆயிற்று. பின்பு இரண்டு அறையை ஒன்றாக்கி, ஓர் அடுப்பு வாங்கிக்கொண்டார். காலையில் ஓட்ஸ் கஞ்சியும் கோக்கோவும், மத்தியானம் வெளியில், இரவில் ரொட்டியும் கோக்கோவும். ஒரு நாளைக்கு 1 ஷில்லிங் 3 பென்ஸில் காலம் தள்ளினார். மனத்துக்கு இதில் குறை தோன்றவில்லை, நிம்மதியே கூடிற்று. 1891 ஜூனில் பாரிஸ்டராகி ஊர் திரும்பினார்.

1893-ல் அவரைத் தென்னாப்பிரிக்காவுக்கு அழைத்தவர்கள் முஸ்லிம் வியாபாரிகளே: டர்பனில் கடை நடத்திய தாதா அப்துல்லா கம்பெனியார், தங்கள் வழக்கு விஷயமாக. மறு வருஷம் நேட்டால் இந்தியர் காங்கிரஸ் தொடங்கியது. அந்த வியாபாரிகள் தாராளமாகச் சந்தா கொடுத்தார்கள், காந்தியடிகள் காரியதரிசி. எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது, எந்தச் செலவுக்கும் பதிவு. லண்டன் அறையில் தபால் தலைக்கு எழுதிய அதே கை, இங்கே ஊரார் அமானத்துக்கும் எழுதியது.

சகோதரர்களே, அயலூரில் நாம் செலவழிக்கும் காசிலும் ஊரில் இருப்பவர்களின் பங்கு இருக்கிறது. கணக்கு எழுதக் கால்மணி நேரம் போதும். காசுக்குக் கணக்கு வைப்பவனிடமே பவுனை நம்பிக் கொடுப்பார்கள்.