தரையில் பறந்த விமானம்

நீந்தக் கற்பவன் முதலில் கரையோரத்தில் இடுப்பளவு நீரில் இறங்குகின்றான். சைக்கிள் பழகுபவன் விழுந்தாலும் முழங்காற் சிராய்ப்போடு எழுந்துவிடுகின்றான். விமானம் ஓட்டக் கற்பவனுக்கோ இத்தகைய வசதி இல்லை. வானத்தில் இடுப்பளவு ஆழமுள்ள இடம் என்று ஒன்று கிடையாது. தவறு செய்து திருத்திக்கொண்டே எத்தொழிலையும் கற்க வேண்டும். இத்தொழிலிலோ முதல் தவறே இறுதித் தவறாகவும் முடிந்துவிடக்கூடும். இந்த இக்கட்டிற்கு வழி கண்டவர் எட்வின் ஆல்பெர்ட் லிங்க் என்னும் அமெரிக்கர்.

எட்வின் லிங்க் 1904-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாள், இந்தியானா மாநிலத்திலுள்ள ஹண்டிங்டன் என்னும் ஊரில் பிறந்தார். 1910-ல் அவருடைய குடும்பம் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் குடியேறியது. அங்கே நொடித்துப் போயிருந்த இசைக்கருவித் தொழிற்சாலை ஒன்றை அவர் தந்தையார் வாங்கி நடத்தினார். தாமே இசைக்கும் பியானோக்களும், பேசாப் படக் கொட்டகைகளில் ஒலிக்கும் பெரிய ஆர்கன்களும் அத்தொழிற்சாலையில் உருவாயின. தானியங்கிப் பியானோவில் துளையிட்ட காகிதச் சுருள் ஒன்று மெல்ல நகரும். துளை வந்த இடத்தில் காற்று உட்புகும், வால்வு திறக்கும், சிறு துருத்தி ஒன்று சுருங்கிச் சுத்தியலை அசைக்கும், சுரம் ஒலிக்கும். இளமையிலேயே எட்வின் இத்துருத்திகளையும் வால்வுகளையும் பிரித்துப் பூட்டிப் பழகினார்.

1920-ல், தம் பதினாறாம் வயதில், கலிபோர்னியாவில் அவர் விமானப் பயிற்சிக்குச் சென்றார். கட்டணம் ஐம்பது டாலர். அக்காலத்தில் அது பெருந்தொகை. ஆசிரியர் விமானத்தைக் குட்டிக்கரணம் அடிக்கச் செய்தார், சுழலச் செய்தார், கூரைகளை உரசுவது போலத் தாழப் பறந்தார். மாணவர் இயக்குகோலைத் தொட்டுப் பார்க்கவும் இடங்கொடுக்கவில்லை. பணத்தைக் கொடுத்து வேடிக்கை பார்த்து வந்ததாகவே அந்நாள் முடிந்தது. விமானம் ஓட்டக் கற்பிக்க இதனினும் நல்ல வழி இருத்தல் வேண்டும் என்ற எண்ணம் அன்று அவர் உள்ளத்தில் வேரூன்றியது.

பின்னர் முறையாகக் கற்றுத் தேர்ந்து, சொந்தமாக ஒரு விமானமும் வாங்கினார். ஆயினும் பழைய எண்ணம் அவரை விடவில்லை. தொழிற்சாலையின் நிலவறையில் அமர்ந்து, ஒன்றரை ஆண்டுக் காலம் உழைத்தார். சிறு விமானம் போன்ற மரப்பெட்டி ஒன்றைச் செய்து, ஆர்கனின் துருத்திகளை அதன் அடியில் பொருத்தினார். உள்ளே அமர்ந்தவர் இயக்குகோலை அசைத்தால் வால்வுகள் திறந்து, பெட்டி மூக்கை உயர்த்தும், பக்கவாட்டில் சாயும், திரும்பும். இசைக்காகப் பிறந்த பொறி பறத்தலைக் கற்பிக்கலாயிற்று. 1929-ல் அதற்குக் காப்புரிமை கோரினார். விமானத் துறையினர் எவரும் அதைப் பொருட்படுத்தவில்லை. பொருட்காட்சிப் பூங்காக்களில் காசு போட்டு ஏறும் விளையாட்டுச் சாமானாகவே அது விற்பனையாயிற்று.

பேசும்படம் வந்ததால் ஆர்கன் தொழிலும் படுத்தது. பிழைப்புக்காக லிங்க் தம் விமானத்தின் இறக்கைக்கடியில் மின்விளக்கு எழுத்துகளைப் பொருத்தி, இரவில் நகரங்களின்மேல் விளம்பரம் காட்டிப் பறந்தார். அந்த விளக்குகளை மாறிமாறி எரியச் செய்ததும் பழைய பியானோச் சுருளே! இரவிலும் மேகத்திலும் பறக்கையில் அவர் ஓர் உண்மையை நன்குணர்ந்தார். கண்ணுக்குத் தரை தெரியாதபோது மனிதனின் உடலுணர்வு அவனை ஏமாற்றிவிடுகிறது. விமானம் சாய்ந்திருக்கையில் நேராக இருப்பதாகத் தோன்றும். நேராக்கினால் சாய்வதாகத் தோன்றும். அந்நிலையில் நம்பத்தக்கவை கருவிப் பலகையின் முட்களே. ஆகவே தம் பெட்டிக்கு மூடி போட்டு, உள்ளே கருவிகளைப் பொருத்தினார். வெளியுலகம் தெரியாமல், கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டப் பழகுவதற்கு அது ஏற்றதாயிற்று.

1934-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அமெரிக்க அரசு தனியார் கம்பெனிகளிடமிருந்த விமானத் தபால் ஒப்பந்தங்களை நீக்கி, அப்பணியை இராணுவ விமானப் படையிடம் ஒப்படைத்தது. குளிர்காலம், பனியும் மழையும் கடுமையாக இருந்தன. கருவிகளைக் கொண்டு பறக்கும் பயிற்சி போதாத இளம் விமானிகள் இருளில் மலைகளிலும் வயல்களிலும் மோதி வீழ்ந்தனர். சில வாரங்களில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நாடு திடுக்கிட்டது. லிங்கின் பெட்டியைப் பற்றிப் பேச, அதிகாரிகள் சிலர் நியூவார்க் விமான நிலையத்தில் அவரை எதிர்பார்த்திருந்தனர். அன்று அடர்ந்த மூடுபனி. அந்நிலையில் எவரும் பறந்து வர முடியாதென்று அவர்கள் புறப்பட எழுந்தனர். அப்போது பனிக்குள் ஓர் இயந்திர ஓசை கேட்டது. லிங்க் கருவிகளை மட்டுமே நம்பிப் பறந்து வந்து, செம்மையாகத் தரையிறங்கினார். அதற்கு மேல் அவர் விளக்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை. ஒன்று 3,500 டாலர் வீதம் ஆறு பொறிகளை இராணுவம் வாங்கியது.

இரண்டாம் உலகப் போரின்போது பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட லிங்க் பொறிகள் செய்யப்பட்டன. நேசநாட்டு விமானிகள் சுமார் ஐந்து இலட்சம் பேர் நீல வண்ணம் பூசிய அப்பெட்டியில் பயின்றனர். போருக்கு முன்பே ஜப்பானும் இப்பொறிகளை விலைக்கு வாங்கியிருந்தது. ஆகவே, வானில் பகைவராய்ச் சந்தித்த விமானிகளுள் சிலர் ஒரே வகைப் பெட்டியில் பயின்றவர்களாய் இருந்திருக்கக்கூடும்.

அம்மரப்பெட்டியின் வழிவந்தவையே இன்றைய கணிப்பொறிச் சிமுலேட்டர்கள். சந்திரனுக்குச் சென்ற அப்பல்லோ வீரர்களும் லிங்க் நிறுவனம் செய்த பொறியில் பயின்றவர்களே. இவற்றின் பயன் மலையுச்சிகளில் ஹெலிகாப்டர் ஓட்டுவோர்க்கு மிகுதி. சுமார் 5,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதிற் பாதியே. மெல்லிய காற்றில் சுழலும் இறக்கைகளுக்குப் போதிய பிடிப்பில்லை. இயந்திரத்தின் வலிமையும் குன்றுகிறது. தாழ்நிலத்தில் எளிதாக ஓரிடத்தில் நிற்கும் ஹெலிகாப்டர், அங்கே சிறிது அவசரப்பட்டாலும் கீழே அமிழ்ந்துவிடும். 1972-ல் பிரெஞ்சு விமானி ழான் புலே 12,442 மீட்டர் உயரத்துக்கு ஹெலிகாப்டரில் ஏறினார். இறங்கும்போது இயந்திரம் நின்றுவிட்டது. கீழிருந்து எதிர்க்கும் காற்றே இறக்கைகளைச் சுழற்றுமாறு விட்டு, அவர் உயிரோடு தரை சேர்ந்தார். இவ்வித்தையை உண்மையான பனிமலைமேல் பழகிப் பார்ப்பார் யார்? சிமுலேட்டரிலோ மாணவர் நூறு முறை மலையில் மோதலாம். நூற்றோராம் முறையும் அதே நாற்காலியில் அமரலாம்.

1954-ல் லிங்க் தம் நிறுவனத்தை வேறொரு நிறுவனத்தோடு இணைத்துவிட்டுக் கடல் ஆராய்ச்சியில் இறங்கினார். அவருடைய மனைவி மரியனும் துணை நின்றார். 1692-ல் நிலநடுக்கத்தால் ஜமெய்க்காவில் கடலுள் மூழ்கிய போர்ட் ராயல் நகரை 1959-ல் ஆராய்ந்து, பல பொருள்களை மீட்டனர். ஆழ்கடலில் மனிதர் நெடுநேரம் தங்குவதற்கான கலங்களையும் லிங்க் அமைத்தார். 1962-ல் அத்தகைய உருளை ஒன்றில் முதலில் தாமே இறங்கி, எட்டு மணி நேரம் நீருள் இருந்து சோதித்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

ஆனால் கடலடியை அப்படியே தரையில் செய்து காட்டும் பெட்டி ஒன்றும் இருக்கவில்லை. 1973-ஆம் ஆண்டு ஜூன் 17-ஆம் நாள், அவர் அமைத்த ஜான்சன் சீ லிங்க் என்னும் சிறு நீர்மூழ்கி, புளோரிடாவின் கீ வெஸ்ட் அருகே நால்வருடன் இறங்கியது. சுமார் 110 மீட்டர் ஆழத்தில், மூழ்கிக் கிடந்த பழைய போர்க்கப்பல் ஒன்றின் சிதைவுகளில் சிக்கிக்கொண்டது. மீட்க ஒரு நாளுக்கு மேலாயிற்று. முன்னறை கனத்த ஒளிபுகு பிளாஸ்டிக்கால் ஆனது; அது வெப்பத்தைக் காத்தது. பின்னறை அலுமினியத்தால் ஆனது; அது கடலின் குளிரை உள்ளே விட்டது. மூச்சில் வெளிப்படும் கரியமில வாயுவை உறிஞ்சும் மருந்து, அக்குளிரில் வலுவிழந்தது. முன்னறையில் இருந்த இருவர் பிழைத்தனர். பின்னறையில் இருந்த இருவரும் இறந்தனர். அவ்விருவருள் ஒருவர் லிங்கின் மகன் கிளேட்டன், வயது முப்பத்தொன்று. மேலே கப்பலில் தந்தை காத்திருந்தார்.

லிங்க் மீண்டும் வரைபலகையின் முன் அமர்ந்தார். சிக்கிக்கொண்ட கலத்தை ஆளின்றியே தேடிச் சென்று, காமிராவால் கண்டு, தடைகளை வெட்டி விடுவிக்கும் மீட்புக் கருவி ஒன்றை அமைப்பதில் ஈடுபட்டு, அதைச் செய்து முடித்தார். 1981-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் பிங்காம்டனில் காலமானார். அந்நகரத்து விமான நிலையம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.