மேகம் மறைத்த பதினோரு ஆண்டுகள்

பதினெட்டாம் நூற்றாண்டின் பாரிஸ் செல்வந்தர்களுக்கு, கணப்பு மாடத்தில் வீற்றிருக்கும் கடிகாரம் ஒரு பெருமை. சலவைக்கல் பீடம், அதன்மீது தங்கமுலாம் பூசிய வெண்கல உருவங்கள். பாதரசத்தில் கரைத்த தங்கத்தைப் பூசி நெருப்பில் காட்டி அந்த முலாம் ஏற்றப்பட்டது. அப்போது எழுந்த நச்சுப்புகை தொழிலாளர்களின் ஆயுளைத் தின்றது. அதே நகரிலிருந்து, அலங்காரத்துக்காக அன்றி நொடிகளை அளப்பதற்காக ஊசல் கடிகாரத்துடன் நம் கடற்கரைக்குப் புறப்பட்டவர் வானியலறிஞர் கியோம் லெ ஜெந்தீல்.

1725-இல் நார்மண்டியில் பிறந்த அவர், சமயக் கல்வி பயிலச் சென்று வானியலில் மனத்தைப் பறிகொடுத்தார். சூரியனை வெள்ளிக் கோள் கடக்கும் நேரத்தைப் பல இடங்களிலிருந்து அளந்தால் சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம். 1761 ஜூன் 6 அன்று நிகழவிருந்த அக்கடப்பைப் புதுச்சேரியிலிருந்து காண, 1760 மார்ச்சில் அவர் கப்பலேறினார். ஆனால், ஏழாண்டுப் போரில் புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. மாஹே அருகே அச்செய்தி கிட்டவே, கப்பல் திரும்பியது. குறித்த நாளில் நடுக்கடலில் வெள்ளியைக் கண்டார். ஆயினும், ஆடும் கப்பலில் ஊசல் கடிகாரம் பயன்படாது. நின்ற இடத்தின் தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரியாது.

அடுத்த கடப்பு 1769-இல். அதைத் தவறவிட்டால் நூறாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டும். எனவே, அவர் ஊர் திரும்பவில்லை. மடகாஸ்கர் கரையை ஆராய்ந்தார், மணிலா சென்றார், 1768 மார்ச்சில் புதுச்சேரி சேர்ந்தார். இடிந்த கோட்டையின் எச்சங்களிடையே ஆய்வகம் எழுந்தது. முன்னாள் பகைவரான சென்னை ஆங்கிலேயர் தொலைநோக்கி தந்து உதவினர். மே மாதத்துக் காலைகள் தெளிவாகவே விடிந்தன. ஜூன் 4 அதிகாலையில் மட்டும் மேகம் சூரியனை மூடியது. கடப்பு முடிந்த பின்னரே வானம் வெளுத்தது. மணிலாவிலோ அன்று வானம் தெளிவாக இருந்தது.

1771-இல் தாயகம் திரும்பியபோது, அவர் இறந்துவிட்டதாகக் கருதி உறவினர் சொத்தைப் பங்கிட முனைந்திருந்தனர். அறிவியல் கழகத்தில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது. பின்னர் அது மீண்டது. மணமும் மகளும் வாய்த்தனர். 1792-இல் காலமானார்.

வரவு செலவு பார்த்தால் இது முழு நட்டம். ஆயினும், 1779, 1781 ஆண்டுகளில் இரு தொகுதிகளாக வந்த அவரது பயண நூல் வேறு கணக்கைச் சொல்கிறது. புதுச்சேரியில் தமிழர்களிடம் அவர் கிரகணக் கணிதம் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவைத் தமிழ்க் கணிதர் ஒருவரின் முறை 41 நொடி குறைவாகக் காட்டியதென்றும், ஐரோப்பாவின் புகழ்பெற்ற மாயர் அட்டவணை 68 நொடி மிகையாகக் காட்டியதென்றும் பதிந்தார். அவர் தேடிவந்தது கிட்டவில்லை. தேடாதது நமக்குக் கிட்டியது.

ஆய்வுக்கு நிதி தருமுன் விளைவை உறுதி செய்யச் சொல்லும் இன்றைய நடைமுறையில் லெ ஜெந்தீலுக்கு இடமிராது. 2012 ஜூன் 6 அன்று சூரியன் உதித்தபோது குயிலாப்பாளையம் கடற்கரைக்கு நேரே வெள்ளி அதைக் கடந்துகொண்டிருந்தது. இனி அக்காட்சி 2117-இல்தான். அதற்காக இன்றே ஒருவர் உழைக்க முன்வந்தால், அவருக்கு நம் பல்கலைக்கழகங்கள் என்ன பதில் சொல்லும்?