சோலார் இன்வெர்ட்டரில் ஃபேன் ஏன் உறுமுகிறது? விடை டெஸ்லாவின் வாழ்க்கையில் இருக்கிறது

மொட்டை மாடியில் ஒரு சோலார் பேனல், கீழே 12 வோல்ட் பேட்டரி, கையில் சால்டரிங் அயர்ன். எலக்ட்ரானிக்ஸைப் பொழுதுபோக்காகக் கொண்ட பலர் வீட்டிலேயே செய்து பார்க்க ஆசைப்படுவது இன்வெர்ட்டர். எளிய சர்க்யூட்தான். சிடி4047 என்ற ஐசி நொடிக்கு 50 சுற்று துடிக்கும். அந்தத் துடிப்புக்கு ஏற்ப இரண்டு மாஸ்ஃபெட்கள் மாறி மாறி பேட்டரி கரன்ட்டை டிரான்ஸ்ஃபார்மருக்குள் தள்ளும். மறுபக்கம் 230 வோல்ட் ரெடி!

எல்இடி பல்பு எரியும், போன் சார்ஜ் ஆகும். சீலிங் ஃபேனை மாட்டினால்தான் சிக்கல். சுற்றும், ஆனால் உறுமும். கொஞ்ச நேரத்தில் மோட்டார் சூடாகிவிடும். பல்புக்கு வராத பிரச்சினை ஃபேனுக்கு மட்டும் ஏன்? இதைப் புரிந்துகொள்ள, அந்த மோட்டாரின் தத்துவத்தைத் தந்த நிகோலா டெஸ்லாவின் கதைக்குப் போக வேண்டும்.

மிக்ஸியில் தெரியும் அதே பொறி

டெஸ்லா பிறந்தது 1856 ஜூலை 10-ல். ஊர், இன்றைய குரோஷியாவில் உள்ள ஸ்மில்யான் கிராமம். செர்பியக் குடும்பம். அப்பா தேவாலய குரு. அம்மா பள்ளிக்கூடம் போகாதவர். ஆனால், வீட்டுக்குத் தேவையான கருவிகளைத் தானே செய்துகொள்ளும் கைகாரர்.

ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் டெஸ்லா படித்தபோது, வகுப்பில் ஒரு டைனமோவை மோட்டாராக ஓட்டிக் காட்டினார்கள். அதன் பிரஷ்களில் பொறி பறந்தது. நம் வீட்டு மிக்ஸி ஓடும்போது உள்ளே நீலமாக மின்னுமே, அதே பொறிதான். பிரஷ்ஷே இல்லாமல் மோட்டாரை ஓட்ட முடியாதா என்று கேட்டார் டெஸ்லா. அது நடக்காத காரியம் என்று வகுப்பிலேயே விளக்கினார் பேராசிரியர். டெஸ்லா பட்டம் வாங்காமலேயே கல்லூரியை விட்டு வெளியேறினார். ஆனால், அந்தக் கேள்வியை மட்டும் விடவில்லை.

1882-ல், புடாபெஸ்ட் நகரில் இருந்தபோது விடை கிடைத்தது. சற்றே முன்பின்னாக வரும் இரண்டு மாறுதிசை மின்னோட்டங்களை இரண்டு காயில்களில் செலுத்தினால், காந்தப்புலம் தானாகவே வட்டமடிக்கும். நடுவில் உள்ள ரோட்டர் அதன் பின்னாலேயே ஓடும். ரோட்டருக்கு ஒயர் வேண்டாம், பிரஷ் வேண்டாம், பொறியும் கிடையாது. இத்தாலியின் கலிலியோ ஃபெராரிஸும் ஏறக்குறைய அதே காலத்தில் தனியாக இந்தத் தத்துவத்தை எட்டினார்.

நம் வீட்டுக்கு வருவது ஒற்றை மின்னோட்டம்தானே? அதனால்தான் ஃபேனில் ஒரு சின்ன கெப்பாசிட்டர் இருக்கிறது. எலக்ட்ரீஷியன்கள் கண்டன்சர் என்பார்களே, அதுதான். இரண்டாவது காயிலுக்குப் போகும் மின்னோட்டத்தைச் சற்று முன்னால் நகர்த்துவது அதன் வேலை. அது போய்விட்டால் ஃபேன் மெதுவாகச் சுற்றும், அல்லது நின்றே விடும்.

பள்ளம் தோண்டிய மேதை

1884-ல் நியூயார்க் வந்த டெஸ்லா, எடிசனின் நிறுவனத்தில் சில மாதங்கள் வேலை பார்த்தார். எடிசன் கொடுத்துவந்தது நேர்திசை மின்சாரம். மின் நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டினால் அதற்குத் தெம்பு போய்விடும். டெஸ்லா வெளியேறி, சொந்தக் கம்பெனி தொடங்கினார். முதலீட்டாளர்கள் அவரைக் கைவிட்டார்கள். தினம் 2 டாலர் கூலிக்குப் பள்ளம் தோண்டிப் பிழைக்கும் நிலை வந்தது.

மாறுதிசை மின்சாரத்தையும் டிரான்ஸ்ஃபார்மரையும் டெஸ்லாதான் கண்டுபிடித்தார் என்று பலரும் நினைக்கிறார்கள். அது சரியல்ல. அவை ஏற்கெனவே இருந்தன. இல்லாமல் இருந்தது, அந்த மின்சாரத்தில் நன்றாக ஓடும் ஒரு மோட்டார். 1888-ல் அதற்கான காப்புரிமைகளைப் பெற்றார் டெஸ்லா. தொழிலதிபர் வெஸ்டிங்ஹவுஸ் உடனே ஒப்பந்தம் போட்டார். ரொக்கமும் பங்குகளும் போக, ஒரு குதிரைத்திறனுக்கு இரண்டரை டாலர் ராயல்டி. 1893 சிகாகோ கண்காட்சி இந்த மின்சாரத்தில் ஜொலித்தது. 1896-ல் நயாகரா அருவியின் மின்சாரம் பஃபலோ நகரை எட்டியது. போட்டி முடிந்தது. வீடுகளுக்கு மாறுதிசை மின்சாரம் என்பது உறுதியானது.

ஆனால், ராயல்டி நிலைக்கவில்லை. 1897-ல் 2,16,000 டாலருக்குக் காப்புரிமைகள் மொத்தமாகக் கைமாறின. அதற்குப் பிறகு உலகம் முழுக்க ஓடிய கோடிக்கணக்கான மோட்டார்களிலிருந்து அவருக்கு எதுவும் வரவில்லை.

1901-ல், சூரியனின் கதிர்வீச்சு உலோகத் தகட்டில் விழும்போது உண்டாகும் மின்னேற்றத்தைக் கெப்பாசிட்டரில் சேமிக்கும் கருவிக்கும் காப்புரிமை பெற்றார். அது பயன்பாட்டுக்கு வரவில்லை. இன்றைய சிலிக்கான் சோலார் செல் வேறு வழியில், 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உருவானது. ஒயரில்லாமல் மின்சாரம் அனுப்ப அவர் கட்டிய கோபுரமும் பணமின்றிப் பாதியில் நின்று, 1917-ல் இடிக்கப்பட்டது. கடைசிக் காலத்தில் அவருடைய ஹோட்டல் வாடகையைக் கட்டியது வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம். 1943 ஜனவரி 7-ல், நியூயார்க் ஹோட்டல் அறையில் தனியாக இறந்தார்.

அப்படியானால், உறுமலுக்கு என்ன தீர்வு?

டெஸ்லாவின் மோட்டார் எதிர்பார்ப்பது, வளைந்து ஏறி இறங்கும் சைன் அலையை. நம் எளிய சர்க்யூட் தருவதோ சதுர அலை. அதில் 50 ஹெர்ட்ஸுடன் 150, 250 என்று வேண்டாத அலைகளும் ஒட்டிக்கொண்டு வரும். அவை ஃபேனை ஒழுங்காகச் சுற்ற உதவாது. உறுமலாகவும் சூடாகவும் வீணாகும்.

தீர்வு இரண்டு. ஒன்று, மாஸ்ஃபெட்களை மிக வேகமாகத் திறந்து மூடி, ஃபில்டர் வைத்து சைன் அலையை உருவாக்கும் சர்க்யூட். இரண்டாவது, 12 வோல்ட் பிஎல்டிசி ஃபேன். இது நேராக பேட்டரியிலேயே ஓடும், தனி இன்வெர்ட்டர் தேவையில்லை. அதற்குள்ளும் சுழலும் காந்தப்புலம்தான் வேலை செய்கிறது. அதை உருவாக்கும் சின்ன இன்வெர்ட்டர், ஃபேனுக்குள்ளேயே போய்விட்டது. அவ்வளவுதான்.

செய்து பார்ப்பவர்கள் இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்க வேண்டும். வீட்டில் செய்த இன்வெர்ட்டரை வீட்டு ஒயரிங்கில் ஒருபோதும் இணைக்கக் கூடாது. கரன்ட் போன நேரத்தில் உங்கள் 230 வோல்ட் தெருவுக்குப் பாய்ந்தால், லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறிய லைன்மேனின் உயிர் போய்விடும்.